ஸ்பானிஷ் கணக்கு மென்பொருளை ஜெர்மனில் கொண்டுவர மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது எப்படி?

ஸ்பெயினில் உருவான பில்லிங், கணக்கு, சரக்கு இருப்பு மென்பொருளை ஜெர்மனியில் விற்கப் போகிறீர்களா? ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்தவர் என்பது மட்டும் போதாது, ஜெர்மன் கணக்கர் திரையில் எந்தச் சொல்லை எதிர்பார்ப்பார் என்று தெரிந்தவர் வேண்டும். ஜெர்மன் தாய்மொழியாக இருக்கட்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜெர்மனியில் யார் வேண்டுமானாலும் தன்னை மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. அதனால் தேடலை பி.டி.யூ.வில் தொடங்குங்கள். 1955-ல் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கம் இது, தகுதியைக் காட்டினால்தான் உறுப்பினராக முடியும், இணையதளத்தில் மொழியையும் துறையையும் கொடுத்து நீங்களே தேடலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கான இணையதளமான புரோஸிலும் நிறையப் பேர் கிடைப்பார்கள், ஆனால் அங்கே யாரும் பதிவு செய்யலாம் என்பதால் நன்றாகச் சலிக்க வேண்டும். நீதிமன்ற அங்கீகாரம் பெற்றவர்தான் வேண்டும் என்று தேடி அலையாதீர்கள், அது பிறப்புச் சான்றிதழ், தீர்ப்பு மாதிரியான ஆவணங்களுக்கு.

நான்கைந்து பேரைப் பொறுக்கியதும் ஒரு சின்ன சோதனை வையுங்கள், காசு கொடுத்து. உங்கள் மென்பொருளிலிருந்தே ஐம்பது அறுபது வரிகளை, திரையின் படம் எதுவும் இணைக்காமல் அனுப்புங்கள். அதில் 'எஹெர்சிசியோ' கட்டாயம் இருக்கட்டும், ஸ்பானிஷில் அதற்கு உடற்பயிற்சி என்றும் பொருள், நிதியாண்டு என்றும் பொருள். 'அபோனோ'வையும் சேருங்கள். வாடிக்கையாளருக்குத் தொகையைக் கழித்துக் கொடுக்கும் அந்தச் சீட்டுக்கு ஜெர்மனில் பேச்சுவழக்கில் 'குட்ஷ்ரிஃப்ட்' என்பார்கள், ஆனால் 2013 முதல் அங்குள்ள விற்பனை வரிச் சட்டப்படி அந்தத் தலைப்பு, வாங்குபவரே விற்பவருக்காகத் தயாரிக்கும் பில்லுக்கு உரியது. துறை தெரிந்தவர் இந்த இடத்தில் நின்று, "இது எந்த ஆவணம், திரையை அனுப்புங்கள்" என்று கேட்பார். ஒரு கேள்விகூட இல்லாமல் மறுநாளே அழகாக முடித்து அனுப்புபவரை நான் எடுக்க மாட்டேன்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: கணக்கு எண்களை என்ன செய்வீர்கள்? ஸ்பெயினின் கணக்குத் திட்டத்தில் வாடிக்கையாளர் பாக்கி 430. ஜெர்மனியில் பரவலாகப் பயன்படும் கணக்குத் திட்டங்களில், எஸ்.கே.ஆர்.03-ல் அதுவே 1400, எஸ்.கே.ஆர்.04-ல் 1200. அங்குள்ள வரி ஆலோசகரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது, பெயர்களை மட்டும் மாற்றினால் ஆகாது என்று மொழிபெயர்ப்பாளரே சொன்னால் சரியான ஆள்தான்.

விலையில் குழம்புவது சகஜம். ஸ்பெயினில் மூலத்தின் சொல் கணக்கில் சொல்வார்கள், ஜெர்மனியில் பலர் இடைவெளியோடு 55 எழுத்து கொண்ட வரிக்கு இவ்வளவு என்பார்கள், அதையும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பை வைத்தே எண்ணுவார்கள். மொத்தத் தொகையாக எழுதி வாங்கினால்தான் ஒப்பிட முடியும். அந்தத் தொகையில் இரண்டாமவர் சரிபார்ப்பதும் சேர்த்தியா என்று கேளுங்கள், மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தரம் அதைக் கட்டாயமாகக் கேட்கிறது.

வேலையைக் கொடுக்கும்போது வெறும் எக்ஸெல் வேண்டாம். எக்ஸ்லிஃப் கோப்பு (மொழிபெயர்ப்புக் கருவிகளுக்கான கோப்பு வகை), திரைகளின் படங்கள், ஒவ்வொரு பொத்தானிலும் எத்தனை எழுத்து கொள்ளும் என்ற அளவு, மூன்றையும் கொடுங்கள், ஜெர்மன் சொற்கள் நீளமானவை, அளவு தெரியாவிட்டால் பாதியில் வெட்டுப்படும். முதலில் முக்கியச் சொற்பட்டியலை மட்டும் முடித்து, அதை ஒரு ஜெர்மன் கணக்கரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நிறுவிய பிறகு திரையிலேயே பார்த்துத் திருத்தும் மணிநேரங்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.