கோத்தகிரியில் டெபியன் மிரர்: பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகள்

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு கற்பூர மரம் சாய்ந்து, ஃபைபர் கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. கோத்தகிரியில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனால் டெபியன் என்ற லினக்ஸில், திருத்தங்களைச் சேர்த்து விடும் பாயிண்ட் ரிலீஸ் ஒன்று வந்திருந்த வாரம் அது, நான் பார்த்துக்கொள்ளும் பள்ளி லேபில் மிரர் (டெபியனின் மென்பொருள் கிடங்கை நகலெடுத்து லேபிலேயே வைத்திருப்பது) பாதி அப்டேட்டில் நின்றுபோனது. காலையில் கணினி ஆசிரியை போன் செய்தார். “சார், எந்த மிஷின்லயும் எதுவும் இன்ஸ்டால் ஆகல. ஃபைல் சைஸ் சரியில்லன்னு சொல்லிட்டு, மிரர் சிங்க் இன் ப்ரோக்ரஸான்னு நம்மளையே கேள்வி கேக்குது.”

மிஷினில் மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட், ‘மிரர் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா’ என்று கேட்ட கேள்வி சரியானதுதான், தப்பு என்னுடையது. மொத்த மிரரையும், மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்கின் ஒரே கட்டளையில் இழுத்துக்கொண்டிருந்தேன். டெபியன் மிரரில் முக்கியமாக இரண்டு ஃபோல்டர்கள். பூல் என்பதில் மென்பொருள் பேக்கேஜ்கள் இருக்கும், டிஸ்ட்ஸ் என்பதில் அவற்றின் பட்டியலும், அந்தப் பட்டியலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரிலீஸ் ஃபைலும் இருக்கும். ஆர்சிங்க் அகர வரிசையில் போகும், அதனால் டிஸ்ட்ஸ் முதலில், பூல் பிறகு. அதாவது சரக்கு வருவதற்கு முன்னால் விலைப்பட்டியலை மாட்டிவிடுகிறது. டிஸ்ட்ஸுக்குள்ளேயும் ரிலீஸ் ஃபைல்தான் முதலில் மாறும், பட்டியல்கள் அப்புறம்தான் வரும். நடுவில் லைன் போனால் கையெழுத்து புதுசு, பட்டியல் பழசு. பழைய மிரர் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, பிள்ளைகள் போன மாத லிப்ரே ஆபீஸை வைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். பாதி மாறிய மிரர்தான் எல்லா மிஷினையும் நிறுத்தும்.

எனவே இரண்டு நடையாக எடுங்கள். முதல் நடையில் பட்டியல்களையும் ரிலீஸ் ஃபைல்களையும் விலக்கிவிட்டுப் பேக்கேஜ்களை மட்டும் எடுக்க வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது. அது பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் இரண்டாவது நடையில் பட்டியல்கள் வரட்டும், பழைய ஃபைல்களை அழிப்பது அதற்கும் கடைசியில். முதல் நடை பத்து ராத்திரி இழுத்தாலும் பரவாயில்லை, அதுவரை மிஷின்களுக்குப் பழைய மிரர் முழுசாகத் தெரியும். டெபியன்காரர்களே கொடுக்கும் எஃப்டிபிசிங்க் என்ற ஸ்கிரிப்ட் இதைத்தான் செய்கிறது. நான்தான் பெரிய ஆள் மாதிரி சொந்தமாக நாலு வரி எழுதி வைத்திருந்தேன்.

இன்னொரு தவறு, எல்லாவற்றையும் வேண்டும் என்பது. டெபியன் ஆவணக்கிடங்கு முழுசும் பல டெராபைட். அதில் நம் லேபில் ஒரு மிஷின்கூட இல்லாத ஆர்க்கிடெக்சர்களும் (ப்ராசசர் வகைகள்) சோர்ஸ் கோடும் சேர்த்திதான். ஒரே ஒரு வெளியீடு, சாதாரண 64-பிட் பிசிக்கான ஏஎம்டி64, டெபியனின் முக்கியப் பகுதியான மெயின் மட்டும் என்று சுருக்கினால் நூறு ஜிபியை ஒட்டி முடிந்துவிடும். சரி, அதையாவது கணக்குப் போடுங்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) ஒழுங்காகக் கிடைத்தால் ஒரு ராத்திரிக்கு 7 ஜிபி சொச்சம், நூறு ஜிபிக்கு இரண்டு வாரம். மழைக்காலத்தில் எட்டு மணி நேரம் அறுபடாத லைன் எங்கே இருக்கிறது? உண்மையைச் சொன்னால், பத்துப் பதினைந்து மிஷின் மட்டும் இருக்கிற இடத்துக்கு மிரரே வேண்டாம். ஆப்ட் கேச்சர் என்ஜி போதும். ஒரு மிஷின் இறக்கிய பேக்கேஜை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் கொடுக்கும், யாரும் கேட்காததை இறக்காது. மிரர் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காகவே அப்படி ஒரு இடத்தில் நான் ஆறு மாதம் வீணாக்கினேன்.

ஆர்சிங்கின் வேகக் கட்டுப்பாட்டில் அரை எம்பிபிஎஸ் போதும் என்று 500 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அது கிலோபிட் இல்லை, கிலோபைட்; ஒரு பைட் எட்டு பிட். 500 என்றால் 4 எம்பிபிஎஸ், அதாவது எங்கள் லைன் மொத்தமும். காலையில் ஆன்லைன் வகுப்பு தொங்கியது. முதல் நாள் வேலை முடியாமலே, குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் க்ரான் மறுநாள் வேலையையும் கிளப்பியிருந்ததால் இரண்டு ஆர்சிங்க் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. க்ரான் வரியில் கட்டளைக்கு முன்னால், ஒன்று ஓடும்போது இன்னொன்றை ஓடவிடாத எஃப்லாக் போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

செக்யூரிட்டி அப்டேட்டையும் மிரரில் போட்டுவிடாதீர்கள். அதன் ரிலீஸ் ஃபைலுக்கு ஒரு வாரம் போலத்தான் ஆயுள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழையில் ஒரு வாரம் லைன் இல்லாமல் போவது சாதாரணம், அப்போது காலாவதி என்று ஆப்ட் மறுத்துவிடும். உடனே சிலர் காலாவதிச் சோதனையையே அணைத்து வைப்பார்கள். பழைய ஓட்டையை மூடவில்லை என்று எச்சரிக்கிற மணியைக் கழற்றி வைப்பது அது. மெயினுக்கு மிரர், செக்யூரிட்டிக்குக் கேச்சர் வழியாக நேரடி லைன், இதுதான் நான் இப்போது செய்வது. ஒருவேளை ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை வந்தால் மிரரைத் திட்டாதீர்கள், மிஷினின் தேதியைப் பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் பழைய மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்திருக்கும், கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கும்.

முதல் நூறு ஜிபியை லைனில் இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை. கோவையில் நல்ல லைன் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் ஹார்ட் டிஸ்கில் நிரப்பி பஸ்ஸில் கொண்டுவந்தேன். மூன்று மணி நேரப் பயணம் என்றால் கணக்குக்கு 70 எம்பிபிஎஸ்-க்கு மேல், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்கூடக் கேட்கவில்லை. தவறு டிஸ்கில் இருந்தது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்திருந்தேன், அதில் சிம்லிங்க் (இன்னொரு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டும் குறுக்குவழி) நிற்காது. ஸ்டேபிள் என்ற பெயர் நடப்பு வெளியீட்டு ஃபோல்டரைச் சுட்டுவதே சிம்லிங்காகத்தான், அதனால் அந்தப் பெயரில் தேடிய மிஷின்களுக்கெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4-இல் ஃபார்மேட் செய்து இன்னொரு தடவை போய்வந்தேன். அந்தத் தடவை காப்பி முடிந்தது என்று திரையில் வந்ததும், மெமரியில் நிற்பதை டிஸ்கில் எழுதி முடிக்கும் சிங்க் கட்டளை கொடுக்காமல், அன்மவுன்ட்டும் செய்யாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டிஸ்கை உருவிவிட்டேன். அரவேணு தாண்டும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நல்லவேளை, மீதியிருந்த கொஞ்சத்தை ஆர்சிங்கே ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு ராத்திரியில் நிரப்பிவிட்டது.