பெட்டியில் 5,000 லூமென், கடலில் வெறும் பால்வெள்ளை: முக்குளிப்புக்கு டார்ச் வாங்குவோர் செய்யும் தவறுகள்

புதுச்சேரிக் கரையிலிருந்து படகில் போய் ஒரு பாரின், அதாவது கடலடிப் பாறைத் திட்டின், மேல் இறங்கியிருந்தோம். ஆழம் பதினைந்து மீட்டர் இருக்கும். முந்தைய நாள் காற்று அடித்திருந்ததால் தண்ணீர் ஒரே கலங்கல். புதிதாக வாங்கிய டார்ச்சை அன்றுதான் முதன்முறையாக ஏற்றினேன். பெட்டியில் 5,000 லூமென் என்று அச்சிட்டிருந்தார்கள். அதில் பொய்யும் இல்லை. ஏற்றியதும் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. மார்கழி விடியலில் பனிக்குள் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். பாறையும் இல்லை, மீனும் இல்லை, என் கையே பாதிதான் தெரிந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டி திரும்பி வந்து, என் டார்ச்சின் முகத்தை உள்ளங்கையால் பொத்தினார். அணைத்துவிடு என்று அர்த்தம். அவர் கையில் இருந்ததோ சாயம் உரிந்த பழைய டார்ச், ஆயிரம் லூமென்கூடத் தேறாது. ஆனால் அதன் வெளிச்சம் ஒரு கோலைப் போலக் கலங்கலைக் குத்திக்கொண்டு போய், பாறை இடுக்கில் கிடந்த களவா மீனின் தடித்த உதட்டில் நின்றது. அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் அவருடைய விளக்கின் தயவில்தான் கடலைப் பார்த்தேன்.

லூமெனை மட்டும் பார்ப்பது

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அந்த வெளிச்சம் எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. குழாயிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று தெரிந்தால் போதுமா? பூவாளியில் வருகிறதா, தீயணைப்பு வண்டியின் குழாயில் வருகிறதா என்பதல்லவா முக்கியம்!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தண்ணீருக்குள் 8 பாகை விரியும் ஒளிக்கற்றை, ஐந்து மீட்டர் தள்ளி 70 சென்டிமீட்டர் அகல வட்டமாக விழும். 70 பாகை விரியும் கற்றை அதே தொலைவில் ஏழு மீட்டர் அகலத்துக்குப் பரவும். அகலம் பத்து மடங்கு என்றால் பரப்பு நூறு மடங்கு. ஆக 1,000 லூமென் குறுகிய டார்ச், 5,000 லூமென் அகல டார்ச்சைவிட அந்த வட்டத்துக்குள் ஏறத்தாழ இருபது மடங்கு செறிவாக ஒளி பாய்ச்சும். வெளிச்சம் வட்டம் முழுக்கச் சமமாக விழுவதாக வைத்துக்கொண்ட முரட்டுக் கணக்குதான் இது. ஆனாலும் அந்தப் பழைய டார்ச் என்னுடையதை ஏன் தோற்கடித்தது என்பதற்கு இது போதும்.

கலங்கலில் கதை இன்னும் மோசம். தண்ணீரில் மிதக்கும் வண்டலும் நுண்ணுயிரிகளும் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கின்றன. கற்றை எவ்வளவு அகலமோ அவ்வளவு துகள்கள் ஒளிரும். லூமெனைக் கூட்டக் கூட்ட வெள்ளைச் சுவர்தான் தடிக்கும். தமிழகக் கடற்கரையை ஒட்டி முக்குளிப்பவர்கள் கண்ணாடித் தண்ணீரைத் தினமும் எதிர்பார்க்க முடியாது. நம் கடலுக்கு 6 முதல் 12 பாகை வரையிலான குறுகிய கற்றையும், அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமும் உள்ள விளக்குதான் சரி. 800 முதல் 1,500 லூமென் வரை இருந்தால் அதுவே தாராளம் என்பது என் கருத்து.

அப்படியென்றால் நான் வாங்கிய அகல விளக்கு எதற்கு? வீடியோவுக்கு. கேமராவுக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கும் பவளத்தை மூலைக்கு மூலை சமமாக ஒளியூட்ட அது அருமையான கருவி. அதைச் செய்ய வந்த விளக்கை வழிபார்க்க வைத்தது என் குற்றம்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் பாகை காற்றிலா, தண்ணீரிலா என்றும் கேளுங்கள். தட்டையான கண்ணாடி வழியே தண்ணீருக்குள் போகும் ஒளி உட்பக்கமாக வளையும். காற்றில் 100 பாகை என்பது தண்ணீரில் சுமார் 70 ஆகிவிடும். காற்றில் 10 என்பது ஏழரை ஆகிவிடும்.

விளக்கு பேசவும் வேண்டும் என்பதை மறப்பது

இரவில் கடலுக்குள் கைச்சைகை தெரியாது. பேச்சு முழுவதும் விளக்கின் வழியேதான். கூட்டாளியின் முன்னால் தரையில் மெதுவாக வட்டம் போட்டால் 'எல்லாம் நலம்'. இடவலமாக மெதுவாக அசைத்தால் 'இங்கே பார்'. அதையே படபடவென்று வேகமாக அசைத்தால் 'ஆபத்து, ஓடி வா'. இவை முக்குளிப்பவர்கள் உலகெங்கும் புரிந்துகொள்ளும் சைகைகள்.

இதற்கு விளிம்பு தெளிந்த ஒளிப்பொட்டு வேண்டும். அகல விளக்கால் வட்டம் போட்டுப் பாருங்கள்: ஏற்கெனவே எல்லா இடமும் வெளுத்துக் கிடப்பதால் எதுவும் அசைந்ததாகவே தெரியாது. முதன்மை விளக்கு என்று ஒன்றைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இருட்டறைச் சுவரில் அடித்தால் நடுவில் ஒரு திட்டவட்டமான பொட்டு விழ வேண்டும். விழாவிட்டால் அது ஊமை விளக்கு.

இதே காரணத்தால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதிகம், நடுத்தரம், குறைவு, மின்னல் என்று சுற்றிச்சுற்றி வரும் பொத்தான் எனக்குப் பிடிக்காது. வெளிச்சத்தைக் குறைக்கப் போய், நடுவே படபடவென்று மின்ன வைத்து, பக்கத்தில் நீந்துபவருக்கு ஆபத்துச் சைகை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு அளவு வெளிச்சம் போதும். மின்னும் வசதியைத் தனிச் சின்ன விளக்கில் வைத்துக்கொண்டு மேலே வந்ததும் படகுக்குக் காட்டலாம்.

எரியும் நேரத்தை அப்படியே நம்புவது

"மூன்று மணி நேரம் எரியும்" என்ற வரியைப் படித்ததும், மூன்று மணி நேரமும் முழு வெளிச்சம் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. டார்ச் தயாரிப்பாளர்கள் பலர் பின்பற்றும் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலையின்படி, தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரம்தான் எரியும் நேரம். ஆயிரத்தில் தொடங்கியது நூறுக்கு மங்கினாலும் 'எரிந்துகொண்டிருக்கிறது' என்றே கணக்கு. எனவே எத்தனை மணி நேரம் என்று கேட்பதைவிட, நேரம் ஆக ஆக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் தருகிறார்கள்.

மிகைப்படுத்தலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 18650 என்ற பேட்டரியின் பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதன் நல்ல ரகங்கள் சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். ஏறத்தாழ 12 வாட் மணி ஆற்றல். எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருவதாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு 18650-ஐப் போட்டு 3,000 லூமென் எடுக்கும் டார்ச் அந்த வெளிச்சத்தில் 25 நிமிடம் எரிந்தாலே பெரிது. "3,000 லூமென், ஒற்றை பேட்டரி, மூன்று மணி நேரம்" என்று எழுதியிருந்தால் பெட்டியை மூடி வைத்துவிடலாம். அதே பேட்டரியின் மேல் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதி மலிவாக விற்பார்கள். அதில் உண்மையாக இருப்பது மேலே ஒட்டிய வண்ணத் தாள் மட்டும்தான். 21700 என்ற சற்றே பெரிய பேட்டரி சுமார் 5,000 கொள்ளும். இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

லித்தியம் பேட்டரிகளின் இன்னொரு குணம்: பழைய டார்ச்சுகளைப் போல மங்கி மங்கி எச்சரிக்காமல், உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சுற்று வேலை செய்ததும் சட்டென்று அணைந்துவிடலாம். மிச்ச அளவைக் காட்டும் சின்ன நிறவிளக்கு உள்ள டார்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

'வாட்டர்புரூஃப்' என்ற சொல்லில் மயங்குவது

ஐ.பி.68 என்று போட்டிருந்தால் கடலுக்குப் போதும் என்று நினைக்கிறார்கள். கைப்பேசிக்கும் அதே ஐ.பி.68 தான். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளும் குறியீடு அது. ஒன்றரை மீட்டருக்கும் அதே எண்ணைப் போடலாம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறுகிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டரில், மேலே உள்ள காற்றையும் சேர்த்து ஐந்து மடங்கு. மீட்டர் கணக்கில் ஆழம் எழுதப்பட்டிருக்க வேண்டும். 100 மீட்டர் என்றிருந்தால் நிம்மதி. மலையேற்ற டார்ச், மிதிவண்டி டார்ச் எல்லாம் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் கரையிலேயே இருக்கட்டும்.

சுவிட்சைக் கடை மேசையில் சோதிப்பது

ஏசி அறையில், உலர்ந்த கையால், இரண்டு கைகளும் சும்மா இருக்கும்போது எந்த சுவிட்சும் வேலை செய்யும். முப்பது மீட்டரில், ஊறிச் சுருங்கிய விரலால், ஒற்றைக் கையில் இயக்க வேண்டும். டார்ச்சின் தலையைத் திருகி ஏற்றும் வகை எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் நீர் புகாமல் காக்கும் ஓ-ரிங் என்ற வளையம் தேய்வது ஒவ்வொரு திருகலிலும்தான். ஆழத்தில் திருக இரண்டு கையும் வேண்டும். அணைக்கிறேன் என்று கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் உள்ளே உப்பு நீர்.

நகர்த்தி இயக்கும் காந்த சுவிட்சுக்கு டார்ச்சின் உடலில் துளையே வேண்டியதில்லை, அதனால் கசிவு பயம் குறைவு. மணல் புகுந்து சிக்கிக்கொள்வதுதான் அதன் நோய். நல்ல தண்ணீரில் அலசினால் சரியாகிவிடும். பொத்தான் வகை பைக்குள் தானாக அழுந்தி எரியும். இது சின்ன விஷயம் அல்ல. 5,000 லூமென் விளக்கு 50 வாட் இழுக்கிறது, அந்த வெப்பத்தை ஆற்றுவது கடல்நீர்தான். பையில் துண்டுக்கு நடுவே எரிந்தால் என்ன ஆகும்? படகில் உட்கார்ந்து நண்பர்களுக்கு ஏற்றிக் காட்டிக்கொண்டே இருப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். பொத்தானைப் பூட்டும் வசதி இல்லாத மாதிரியை வாங்காதீர்கள்.

பகலில் எதற்கு என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவது

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து, பத்து மீட்டரிலேயே செம்பவளம் சாம்பல் பூத்துக் கிடக்கும். டார்ச்சைக் காட்டியதும் குங்குமமாகும். பாறை இடுக்குகளும் உடைந்த கப்பல்களும் பகலிலும் இருட்டுதான். செங்கடலில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் திசில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் மூழ்கியது. அதன் சரக்கு அறைகளில் இன்றும் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. எகிப்து வெயில் மேலே எவ்வளவு காய்ந்தாலும் அந்த அறைகளுக்குள் எட்டாது. கையில் டார்ச் இல்லாமல் போனவர் இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கூரைக்கு அடியில் நுழைய டார்ச் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது தனிக்கதை.

பணம் முழுவதையும் ஒரே விளக்கில் போடுவது

இரவு முக்குளிப்புக்கு ஒவ்வொருவரிடமும் குறைந்தது இரண்டு விளக்கு இருக்க வேண்டும். கையில் முதன்மை, பையிலோ தோள் வாரிலோ மாற்று விளக்கு. பணத்தையெல்லாம் முதன்மை விளக்கில் கொட்டிவிட்டு, மாற்றுக்கு வீட்டில் கிடந்த எதையோ எடுத்து வருகிறார்கள். நான் இப்போது செலவைப் பிரித்துவிடுகிறேன்: நடுத்தர முதன்மை ஒன்று, உள்ளங்கை அளவில் நம்பகமான மாற்று ஒன்று. இரண்டும் ஒரே வகை பேட்டரியில் ஓடினால் சார்ஜர் ஒன்றே போதும். முதன்மை அணைந்துவிட்டால் மாற்று விளக்கைக் கொண்டு முக்குளிப்பைத் தொடரக் கூடாது. அது மேலே வருவதற்கான விளக்கு.

கைப்பட்டை இல்லாமல் டார்ச் எடுத்துப் போவதும் இந்த வகைத் தவறுதான். பெரும்பாலான டார்ச்சுகள் கைநழுவினால் மூழ்கும். எரிந்துகொண்டே கீழே இறங்கி, சின்னப் புள்ளியாகிக் கண்ணுக்கு எட்டாமல் போகும் ஆயிரக்கணக்கான ரூபாயை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை பட்டையை மறப்பதில்லை.

மீன்களுக்கும் கண் உண்டு. இரவில் சளிக்கூட்டுக்குள் உறங்கும் கிளிமீன் மேல் முழு வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சிங்கமீனுக்கு வேறு தந்திரம் தெரியும்: நம் வெளிச்சத்தின் ஓரமாகவே கூட வந்து, அதில் திகைத்து நிற்கும் சின்ன மீனை லபக்கென்று விழுங்கிவிடும். குறைந்த வெளிச்ச அளவு ஒன்று இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பயணத்துக்கு. உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள், அல்லது பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அதிக வெப்பம் தரும் முக்குளிப்பு விளக்குகளுக்கு விமான விதிகளில் தனி இடமே உண்டு: நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். கழற்றவே முடியாத பேட்டரி வைத்த அழகான மாதிரிகளை நான் தொடாததற்கு இது ஒரு காரணம். பேட்டரி ஓய்ந்த அன்று டார்ச்சையும் தூக்கிப்போட வேண்டும் என்பது இன்னொன்று.

வாங்கி வந்ததும் ஓ-ரிங்கை ஒருமுறை கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒற்றைத் தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். கிரீஸை விரலில் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள்; ஓ-ரிங்கே சிலிகானால் ஆனது என்றால் சிலிகான் கிரீஸ் அதை உப்ப வைத்துவிடும், பெட்டியில் கொடுத்த கிரீஸையே வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை கடலுக்குக் கொண்டுபோகும்போது பேட்டரி போடாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து மூடி, பகல் முக்குளிப்பில் கூடவே எடுத்துப் போங்கள். மேலே வந்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துவிட்டுத் திறங்கள். தாள் ஈரமாக இருந்தால் ரசீதைத் தேடி எடுக்க வேண்டியதுதான்.