ஸ்வீடிஷ் தானாகக் கற்க: எந்தப் பாடம், எந்த அகராதி, எந்தச் செய்தி?

ஸ்வீடிஷ் கற்க இணையத்தில் பொருளுக்குக் குறைவே இல்லை. ஆப், யூடியூப், பிடிஎஃப், வாட்ஸ்ஆப் குழு என்று ஒரே வாரத்தில் ஏகப்பட்ட இணைப்புகள் சேர்ந்துவிடும். ஒன்றையும் முடித்திருக்க மாட்டோம். தொடங்குகிறவருக்கு மூன்று போதும்: ஒரு முதன்மைப் பாடம், ஒரு அகராதி, தினமும் காதில் விழ ஒரு நிகழ்ச்சி. என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலி இல்லாத எதையும் முதல் சில மாதங்களுக்குத் தொடாதீர்கள். ஏன் என்பதை இரண்டாம் படியில் விளக்குகிறேன்.

படி 1: எதற்காக, எதுவரை?

ஸ்வீடனில் ஏற்கெனவே குடியேறி, ஆள் அடையாள எண்ணும் வாங்கிவிட்டீர்களா? உங்கள் நகராட்சி நடத்தும் ‘எஸ்எஃப்ஐ’ (குடியேறியவர்களுக்கான ஸ்வீடிஷ்) வகுப்பு இலவசம். அதில் சேர்ந்துவிட்டு, கீழே சொல்வதை வீட்டுப் படிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலவழி முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஏ2 நிலை (ஏ1-லிருந்து சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்திறன் அளவில் இரண்டாம் படி) வரை வந்தாலே அன்றாடம் எளிதாகிவிடும். ஸ்வீடிஷ்வழிப் பட்டப்படிப்பு என்றால் ‘டீசுஸ்’ போன்ற தேர்வை எழுத வேண்டிவரும். ஏ2, பி1, பி2 நிலைச் சான்றிதழ் மட்டும் போதும் என்பவர்களுக்கு ‘ஸ்வீடெக்ஸ்’ இருக்கிறது. இலக்கு எதுவானாலும் முதல் ஆறு மாதப் பாதை ஒன்றேதான், அதனால் தேர்வுக் கவலையை இப்போது தள்ளி வையுங்கள்.

படி 2: எழுத்துக்கு முன் காது

ஸ்வீடிஷில் 29 எழுத்துகள். ஆங்கிலத்தின் 26-உடன், தலையில் சிறு வட்டம் வைத்த ஏ, இரு புள்ளி வைத்த ஏ, இரு புள்ளி வைத்த ஓ ஆகியவை கடைசியில் வரும். இவற்றைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. தொல்லை தருவது வேறு. எழுதியிருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. ‘அது’ என்பதற்கான சொல்லின் கடைசி ‘டி’ பேச்சில் விழுந்துவிட்டு வெறும் ‘தே’ ஆகும். ‘அவர்கள்’, ‘அவர்களை’ என்பதற்கு எழுத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு. பேச்சில் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘தொம்’தான். ‘நான்’ என்பதை எழுதும்போது கடைசியில் ஒரு ‘ஜி’ வரும், பேசும்போது ‘யா’ மட்டுமே. புத்தகத்தை மட்டும் படித்துப் போனவருக்குக் கடைக்காரர் பேசுவது வேறு மொழி போலக் கேட்பது இதனால்தான்.

உயிரொலியின் நீளமும் பொருளை மாற்றும். ‘கிளாஸ்’ என்று நீட்டினால் கண்ணாடி அல்லது டம்ளர், குறுக்கினால் ஐஸ்கிரீம். குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

இன்னொரு இடத்திலும் தமிழ்க்காரருக்குச் சாதகம் உண்டு. ஸ்டாக்ஹோம் வட்டாரப் பேச்சில் ‘ஆர்’ எழுத்தை அடுத்து ‘என்’, ‘டி’, ‘எல்’ வந்தால் இரண்டும் சேர்ந்து நாக்கை மடித்துச் சொல்லும் ஒலியாகிவிடும். குழந்தையைக் குறிக்கும் சொல் ‘பார்ன்’ என்று எழுதியது போலத் தெரியும். காதில் ‘பாண்’ என்று, நம் ‘ண’வோடு விழும். மேசைக்கான சொல் ‘பூட்’, நம் ‘ட’வோடு. ஆங்கிலத்தில் எழுதிய கையேடுகள் இதை விளக்கப் பக்கம் பக்கமாகச் செலவிடும். நீங்கள் ஒருமுறை கேட்டால் போதும். (தெற்கே மால்மோ பக்கத்திலும், பின்லாந்தின் ஸ்வீடிஷிலும் இப்படி மடங்காது.)

ஆனால் ஸ்வீடிஷின் ‘யு’, ‘ஒய்’ உயிரொலிகளும், ஏழு என்ற எண்ணின் தொடக்கத்தில் காற்றோடு வரும் அந்த ஒலியும் தமிழில் இல்லை. அவற்றைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்யாதீர்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். ஸ்வீடன்காரர் குரலைக் கேட்டு, ஃபோனில் உங்கள் குரலைப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

படி 3: முதன்மைப் பாடம் ஒன்று

செலவில்லாமல் தொடங்க, ஸ்வீடன் அரசின் ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட் தரும் ‘லேர்னிங் ஸ்வீடிஷ்’ என்ற இணையப் பாடத்தைச் சொல்வேன். ஆசிரியர் இல்லாமல் நீங்களே படிக்கலாம். ஆங்கிலத்தில் விளக்கம், உரையாடல், ஒலி, பயிற்சி எல்லாம் உண்டு. ஏ1-லிருந்து போகிறது.

புத்தகம் வேண்டும் என்பவர்கள் ‘ரீவ்ஸ்டார்ட்’ பெயரைக் கட்டாயம் கேள்விப்படுவார்கள். நல்ல புத்தகம். ஆனால் முழுக்க ஸ்வீடிஷிலேயே எழுதியது, வகுப்பறையை மனத்தில் வைத்துச் செய்தது. மேலே சொன்ன இலவசப் பாடத்தில் பாதி முடித்த பிறகு கையில் எடுத்தால் சுகமாகப் போகும். எந்தப் புத்தகமானாலும் வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒலிப்பதிவு எங்கே கிடைக்கும்? விடைப்பகுதி உண்டா? விடைப்பகுதியை அங்கே ‘ஃபாசிட்’ என்பார்கள். அது இல்லாத பயிற்சி நூல் தனியாகப் படிப்பவருக்கு உதவாது; தப்பைத் திருத்த ஆளில்லையே.

டுவோலிங்கோ போன்ற ஆப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. பேருந்தில் பத்து நிமிஷம் சொல் பழக நல்லதுதான். முதன்மைப் பாடத்தின் இடத்தில் மட்டும் அதை உட்கார வைக்காதீர்கள்.

படி 4: அகராதி

கூகுள் டிரான்ஸ்லேட்டில் ‘புத்தகம்’ என்று போட்டால் ஒரு சொல் வரும். ஸ்வீடிஷுக்கு அது போதாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ‘என்’ அல்லது ‘எட்’ என்ற இரண்டில் ஒரு பிரிவைச் சேர்ந்தது. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து விகுதிகள் மாறும். ‘என் பூக்’ ஒரு புத்தகம், ‘பூக்கென்’ அந்தப் புத்தகம், ‘பெக்கெர்’ புத்தகங்கள், ‘பெக்கெர்னா’ அந்தப் புத்தகங்கள். ஆனால் ‘எட் ஹூஸ்’ ஒரு வீடு, ‘ஹூசெட்’ அந்த வீடு, பல வீடுகளுக்கும் ‘ஹூஸ்’தான், ‘ஹூசென்’ அந்த வீடுகள். இந்த நான்கு வடிவத்தையும் காட்டாத அகராதியை ஒதுக்கிவிடுங்கள். நோட்டில் எழுதும்போதும் நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் பின்னால் எவ்வளவு இலக்கண வேலையை மிச்சப்படுத்தும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

‘லெக்சின்’ என்ற இலவச இணைய அகராதி, குடியேறியவர்களுக்காகவே உருவானது. வடிவங்கள், உச்சரிப்பு, எடுத்துக்காட்டு எல்லாம் இருக்கும். ஸ்வீடனின் லெக்சினில் தமிழ் இல்லை. நார்வேயின் லெக்சினில் உண்டு. ஈழத்தமிழர் அங்கே பெருமளவில் குடியேறியதன் பயன் அது. இரண்டு மொழிகளும் நெருங்கியவை என்பதால் அதை வைத்தே ஸ்வீடிஷும் படிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். நார்வேயில் ‘அமைதியான’ என்று பொருள்படும் ‘ரூலிக்’, ஸ்வீடனில் ‘வேடிக்கையான’ என்றாகிவிடும். ஸ்வீடிஷ்–ஆங்கில லெக்சினோடு நின்றுகொள்ளுங்கள். பி1 தாண்டியதும் ஸ்வீடிஷ் அகாடமியின் அகராதிகளை இலவசமாகத் தரும் ‘ஸ்வென்ஸ்கா டாட் எஸ்இ’ தளத்துக்குப் போகலாம்.

படி 5: தினமும் ஒரு செய்தி

‘ஒட்டா சீடூர்’, அதாவது எட்டுப் பக்கங்கள், 1984-லிருந்து எளிய ஸ்வீடிஷில் வரும் செய்தித்தாள். இணையதளத்தில் செய்தியைப் படிக்கவும் செய்யலாம், வாசிக்கவிட்டுக் கேட்கவும் செய்யலாம். ஸ்வீடன் வானொலியும் எளிய ஸ்வீடிஷில் சுருக்கமான செய்தி தருகிறது. நம் ஊரிலிருந்தும் கேட்கலாம். எஸ்விடி ப்ளே தொலைக்காட்சியில் நிறைய நிகழ்ச்சிகள் ஸ்வீடனுக்குள் மட்டுமே திறக்கும், ஆகவே ஊரில் இருந்து படிப்பவர்கள் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஏ1 பாதி முடிந்ததும் தொடங்கலாம். ஒரே ஒரு குட்டிச் செய்தியை எடுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு எழுத்தோடு கேளுங்கள். தெரியாத சொல்லில் ஐந்தை மட்டும் லெக்சினில் பாருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். மறுநாள் புதுச் செய்திக்குப் போகும் முன் அந்த ஐந்து சொல்லை ‘ஆங்கி’ (Anki) என்ற மனப்பாட அட்டை ஆப்பில் அட்டையாகப் போடுங்கள். பிறர் செய்து வைத்த ஆயிரம் சொல் கட்டைவிட நீங்கள் செய்த ஐந்து நன்றாக ஒட்டும்.

படி 6: பேச ஆள்

ஸ்வீடனில் இருப்பவர்கள் பொது நூலகத்தில் ‘ஸ்ப்ரோக்கஃபே’ உண்டா என்று கேளுங்கள். பேசிப் பழகவே கூடும் இலவசக் கூட்டம் அது. ஊரில் இருப்பவர்கள் இணையத்தில் மொழிப் பரிமாற்றத் துணை தேடலாம். நீங்கள் தடுமாறினால் எதிரே இருப்பவர் உதவும் எண்ணத்தில் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அப்போது சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “கான் வீ ப்ராத்தா ஸ்வென்ஸ்கா?” நாம் ஸ்வீடிஷில் பேசலாமா என்று அர்த்தம். பெரும்பாலும் சந்தோஷமாக மாறிக்கொள்வார்கள், வேகத்தையும் குறைப்பார்கள்.

படி 7: எப்போது மாற்றுவது

முதன்மைப் பாடம் சலித்துவிட்டது என்பதற்காக மாற்றாதீர்கள். ஏ2 முடியும் வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். செய்தி மட்டும் விதிவிலக்கு. ‘ஒட்டா சீடூரை’ அகராதி தொடாமல் ஒரு வாரம் படிக்க முடிந்தால், எளிய ஸ்வீடிஷை விட்டுவிட்டு, உங்கள் தொழிலைப் பற்றிய சாதாரண வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.