சிகரெட்டை நிறுத்த உதவி தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சிகரெட் பாக்கெட்டில் அந்தப் பயமுறுத்தும் படத்தோடு, புகைப்பதை நிறுத்த உதவும் ஒரு தொலைபேசி எண்ணும் அச்சாகியிருக்கும்: 1800-11-2356. 2018 செப்டம்பர் முதல் இருக்கிறது. தினமும் கையில் எடுத்த பாக்கெட்டில் இருந்த எண்தான், ஆனால் நான் ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. படத்தைப் பார்க்காமல் பிரிக்கப் பழகிய கை, எண்ணையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. "மனசு வெச்சா விட்டுடலாம், இதுக்கெல்லாமா ஒருத்தர்கிட்ட போய் நிற்கிறது?" என்கிற வீறாப்பு. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தால், வருஷத்துக்கு முப்பத்தாறாயிரம் முறைக்கு மேல் மூளைக்கு நிக்கோடின் போகிறது. ஒவ்வொரு இழுப்பும் சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவு பழக்கப்பட்ட ஒன்றை வைராக்கியத்தால் மட்டும் விட முயல்பவர்களில் ஜெயிப்பவர்கள் நூற்றுக்கு நாலு பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும்.

அந்த எண் இலவசம். 2016-இல் டெல்லியின் வல்லபாய் படேல் நெஞ்சக நிலையத்தில் தொடங்கிய சேவை. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களும் சேர்ந்ததால் தமிழிலேயே பேசலாம். யாரும் திட்ட மாட்டார்கள். என்ன பிடிக்கிறீர்கள், எவ்வளவு, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தம் என்று கேட்டு, விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் சொல்வார்கள். அப்புறம் அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஏதோ ஒரு வேகத்தில் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, பிறகு வரும் அழைப்பைத் தெரியாத நம்பர் என்று வெட்டிவிடுவார்கள். பலன் இருப்பது அந்தத் தொடர் அழைப்புகளில்தான்.

அடுத்தது நிக்கோடின் சூயிங்கம். "வாங்கித் தின்னு பார்த்தேன், ஒன்னும் வேலை செய்யல, விக்கல்தான் வந்தது" என்று சொல்லாத ஆள் இல்லை. சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். நிக்கோடின் வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டும், விழுங்கினால் வீண். மெதுவாக மென்று, காரம் போல ஒரு குறுகுறுப்பு வந்ததும் நிறுத்தி, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். வெற்றிலை போடும் பாட்டிகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். குறுகுறுப்பு அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்கவும். ஒன்று அரை மணி நேரம் வரும். மெல்லத் தொடங்குவதற்கு முன் பதினைந்து நிமிடமும், வாயில் இருக்கும்போதும் காபி, சோடா, பழச்சாறு வேண்டாம். வாயில் புளிப்பு ஏறினால் நிக்கோடின் சரியாக இறங்காது.

அளவிலும் தவறு நடக்கிறது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவருக்கு 2 மி.கி. பெரும்பாலும் போதாது, 4 மி.கி. தேவைப்படும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு மென்றுவிட்டு, ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டால் பயனில்லை. ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று போய், மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். "இதுவும் நிக்கோடின்தானே" என்று பயந்து குறைப்பவர்கள் உண்டு. புற்றுநோய் தருவது முக்கியமாகப் புகையிலும் புகையிலையிலும் உள்ள மற்ற நச்சுகள். இதில் தாரும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை.

சிகரெட் ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின், புப்ரோப்பியான் மாத்திரைகளுக்கு வேறு கதை. விடும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்பே தொடங்க வேண்டும். நண்பர் சாப்பிட்ட மாத்திரை அட்டையை வாங்கிப் போடுவது ஆபத்து. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோப்பியான் ஆகாது.

டாக்டரிடம் மறைப்பதும் நம் ஊர் வழக்கம். சர்க்கரைக்குப் போவோம், இருமலுக்குப் போவோம், தம் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டோம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் பல அரசு மருத்துவமனைகளிலும் புகையிலையை விடுவதற்கென்றே ஆலோசனை தருகிறார்கள். வாயில் ஒதுக்கும் ஹான்ஸ் புகையிலை, பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். சிகரெட்டை விட்டு ஹான்ஸுக்கு மாறுவது விடுவதாகாது. இ-சிகரெட் விற்பனைக்கு 2019 முதல் தடையே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டேன் என்ற திருப்தியும் வேண்டாம். ஒரே ஒரு சிகரெட்டும் இதயத்துக்கு நாம் நினைப்பதைவிட அதிகக் கெடுதல் செய்கிறது.

யாரும் எச்சரிக்காத ஒன்று, காபி. புகை பிடிப்பவர் உடல் காஃபினை வேகமாக வெளியேற்றும். விட்டதும் அந்த வேகம் குறைகிறது, அதே மூன்று காபி கூடுதலாக வேலை செய்கிறது. படபடப்பு, தூக்கமின்மை. "விட்டதால்தான் இப்படி" என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார்கள். முதல் இரண்டு வாரம் காபி, டீயைப் பாதியாக்குங்கள்.

நான் விட்ட பதினோராம் நாள் ஒன்று பிடித்தேன். வெட்கத்தில் ஒரு மாதம் ஆலோசகர் பக்கமே போகவில்லை, அந்த ஒரு மாதத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டேன். அதுதான் என் பெரிய தவறு. கடைசியில் போய் நின்றபோது அவர் "ஏன் பிடிச்சீங்க?" என்று கேட்கவே இல்லை.

"அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எங்க இருந்தீங்க?" என்றார்.

டீக்கடையில்தான். கையில் கண்ணாடி டம்ளர், பக்கத்தில் பழைய கூட்டாளி. சரி, அடுத்த தேதி குறிப்போம், அந்த வாரம் டீ வீட்டில் குடிங்க என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.