இரண்டு எஸ். சந்திரசேகர்கள்: ஒரே பெயருடையோரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பெயருடைய இருவரைப் பற்றி எழுதும்போது, முன்னெழுத்தைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். இரண்டு தந்தையரின் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கினால் அந்த நம்பிக்கை அங்கேயே பொய்த்துவிடும். எஸ். சந்திரசேகர் என்ற பெயரைவிட இதற்கு நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

1910-இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் கொல்கத்தாவில் பிறந்து, பெங்களூரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஓரளவு ஒழுங்காக அமைந்த நிலை) அமையக்கூடும் என்று 1977-இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து காட்டியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இருவருமே இயற்பியலாளர்கள், இருவருமே லண்டன் ராயல் சொசைட்டியில் இடம்பெற்றவர்கள், அந்தச் சங்கத்தின் ராயல் பதக்கம் மூத்தவருக்கு 1962-இலும் இளையவருக்கு 1994-இலும் வழங்கப்பட்டது. ஆகவே 'ராயல் பதக்கம் பெற்ற இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர்' என்று எழுதினால், முன்னெழுத்து, துறை, விருது ஆகிய மூன்றையும் சொன்ன பிறகும் ஆள் யார் என்பது விளங்காது. வானியற்பியலா, திரவப் படிகமா என்று உட்பிரிவு வரை சென்றால்தான் இருவரும் பிரிவார்கள்.

உறவைச் சொல்லி அடையாளம் காட்ட முயல்பவர்கள் இதைவிட ஆழமாகச் சறுக்குகிறார்கள், ஏனெனில் இருவருமே சி.வி. ராமனின் குடும்பத்தவர்கள். ஆங்கில நூல்கள் இருவருக்கும் 'நெஃப்யூ' (nephew) என்ற ஒரே உறவுச் சொல்லைப் பயன்படுத்துவதால், அதை அப்படியே பெயர்ப்பவர்கள் நோபல் பரிசாளரையும் 'ராமனின் மருமகன்' ஆக்கிவிடுகிறார்கள். அவர் ராமனின் அண்ணன் சுப்பிரமணிய ஐயரின் மகன். ராமனுக்கு மகன் முறை. திரவப் படிக ஆய்வாளரோ ராமனின் சகோதரியின் மகன். மருமகன் முறை அவருக்கே பொருந்தும். ஆங்கிலம் சொல்லாமல் விடும் வேறுபாட்டைத் தமிழ் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. அதைக் கைநழுவ விடுவது வெறும் கவனக்குறைவு.

ஒரு குடும்பத்தில் ஒரே பெயர் இருவருக்கு இருக்காது என்று எண்ணி, இருவரின் சாதனைகளையும் ஒருவர் கணக்கில் சேர்ப்பதும் உண்டு. ராமனின் தந்தை பெயர் சந்திரசேகர ஐயர், சி.வி. என்பதிலுள்ள 'சி' அவரையே குறிக்கிறது. அவர் மூத்தவருக்குத் தந்தைவழித் தாத்தா, இளையவருக்குத் தாய்வழித் தாத்தா. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளில் வந்த பெயரன் என்ற சொல்தான் பேரன் என்று திரிந்தது என்பதை நினைத்தால், இந்தக் கூறியது கூறல் வியப்பளிக்காது.

மக்கள்தொகை அறிஞரும் 1967-இல் ஒன்றிய அரசில் சுகாதாரத் துறைப் பொறுப்பை ஏற்றவருமான ஸ்ரீபதி சந்திரசேகரும் எஸ். சந்திரசேகர்தான். 58 டெஸ்ட்களில் 242 விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளர் பி.எஸ். சந்திரசேகரை யாரும் விண்மீன்களோடு சேர்க்கப் போவதில்லை. துறைகள் விலகி நிற்கும்போது ஆபத்து குறைவு.

ராமானுஜன் விஷயத்தில் கடைசி எழுத்தே சிக்கல். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் 1920-இல் மறைந்தார். அவரைப் போலவே கணிதவியலாளரான சி.பி. ராமானுஜம் 1938-இல் பிறந்து, மும்பையில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, 1974-இல் மறைந்தார். இயற்கணித வடிவியலில் பெயர்பெற்ற பின்னவர் தொடக்கத்தில் முன்னவரின் துறையான எண் கோட்பாட்டிலும் ஆய்வு செய்தவர் என்பதால், 'எண் கோட்பாடு' என்ற சொல்லைப் பார்த்ததும் ஈற்றிலுள்ள மகரத்தை அச்சுப்பிழையென்று கருதி னகரமாகத் திருத்துவது பிழையாகும். அப்படித் திருத்தினால் 1963-இல் வெளிவந்த பின்னவரின் கட்டுரை ஒன்று, மறைந்து 43 ஆண்டுகளான ஒருவரின் படைப்பாகிவிடும். ஆண்டை ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை. சங்கக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற ஏ.கே. ராமானுஜன் பணியாற்றியதோ சிகாகோ பல்கலைக்கழகத்தில். நோபல் பரிசாளர் சந்திரசேகரும் அங்கேதான் பேராசிரியர்.

இதனால் 'சிகாகோ சந்திரசேகர், ராமானுஜனின் படத்தைத் தேடிக் கண்டெடுத்தார்' என்ற சரியான செய்தியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம். அது உடன் பணியாற்றிய கவிஞரின் படம் அன்று. 1936-இல் இந்தியாவுக்கு வந்திருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்காக, சீனிவாச ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து பெற்ற, அவருடைய கணவரின் கடவுச்சீட்டுப் படம்.