எந்தத் தாது வருஷம்? பழைய ஆவணங்களில் முன்னோரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தாம் வரைந்த வம்சாவளியைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்து தலைமுறை, மணிமணியான கையெழுத்து. மூன்றாவது கட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே குழி. சின்னச் சின்னத் தவறுகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அவை பழகப் பழகத் திருந்திவிடும். இது திருந்தாது.

வருஷப் பெயரை நம்பி ஆண்டைக் குறிப்பது

எங்கள் நிலப் பத்திரத்தை மாமா ஒரு நோட்டில் நகல் எழுதி வைத்திருந்தார். ‘தாது வருஷம் தை மாதம்’ என்றிருந்தது. ஆங்கிலத் தேதியை அவர் எழுதாமல் விட்டிருந்தார். தாது என்றதும் பாட்டி சொன்ன பஞ்சக் கதைகள்தான் என் நினைவுக்கு வந்தன. 1876இல் தொடங்கிய பஞ்சம் அது. தை ஜனவரியில் வருவதால் 1877 என்று எழுதிவிட்டேன். நிலம் வாங்கியவர் பெயரும் என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவுடைய பெயராகவே இருந்தது. பத்திரத்தில் கண்ட மனைவியின் பெயரை அவருக்கே சேர்த்து, அச்சடித்து, குலதெய்வக் கோயில் கொடையன்று எழுபது வீடுகளுக்குக் கொடுத்தேன்.

மூன்று ஆண்டு கழித்துப் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் மூலப் பத்திரம் கிடைத்தது. முத்திரைத்தாளில் அரசர் தலை. 1877இல் என்றால் விக்டோரியா ராணியின் தலை இருந்திருக்க வேண்டும். கூடவே பசலி (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) 1346 என்று போட்ட கிஸ்தி, அதாவது நிலவரி ரசீது. அது அறுபது ஆண்டு தள்ளி வந்த தாது, 1937 ஜனவரி. வாங்கியவர் கொள்ளுத்தாத்தா. கொள்ளுப்பாட்டியை அவர் கணவரின் தாத்தாவுக்கு மனைவி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் பல வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கிறது. நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

தாத்தாவின் பெயரை வைப்பதால்தான் பெயரன், பேரன் என்கிறோம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடைவெளி ஏறத்தாழ அறுபது வயது. வருஷப் பெயரும் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புகிறது. ஒரு பிழைக்கு மற்றொரு பிழை சாட்சி சொல்வதால் சந்தேகமே எழுவதில்லை. தகப்பனார் பெயரைப் பார்த்தால் போதாதா என்று அந்த இளைஞர் கேட்டார். போதாது. பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்று வரும் குடும்பத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்பதும் அப்படியே திரும்பி வரும், இனிஷியல் உட்பட.

அதனால் தாது என்று கண்டால் 1876-77, 1936-37 இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள். முத்திரைத்தாள், பசலி, எல்லைக்காரர்களின் (பக்கத்து நிலக்காரர்களின்) பெயர்கள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்திய பிறகே ஒன்றை அழியுங்கள். கையெழுத்து நகலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பசலியைத் தோராயமாக மாற்றுவது

ஆங்கில ஆண்டு வேண்டுமானால் பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டுங்கள். பசலி ஜூலை 1இல் பிறப்பதால் ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிகளுக்கு 591.

மூலப் பத்திரத்துக்கு லேமினேஷன்

வேண்டவே வேண்டாம்.

பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரைத் தேடுவது

பெயர் சூட்டும் முன்பே பதிவு செய்திருப்பார்கள். தகப்பனார் பெயரையும் ஊரையும் வைத்துத் தேதிவாரியாகப் புரட்டுங்கள். என் தாத்தாவின் பிறப்பை அப்படித்தான் கண்டேன்: ஆண் குழந்தை, தகப்பனார் பெயர், தெரு. பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது.