எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால்

காரைக்குடியில் எங்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில்தான் பலகாரம் சுடுவோம். போன தீபாவளிக்கு மனகோலம் பிழியும்போது வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனேன். திரும்பி வந்தால் இருப்புச்சட்டியில் புகை. அடுத்த நொடி தீ. உதவிக்கு வந்த பெண் செம்புத் தண்ணீரைத் தூக்கிவிட்டாள். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் போய்ச் சட்டென ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசிவிடும். கை எட்டினால் முதலில் அடுப்பை அணையுங்கள். அப்புறம் சட்டியைவிடப் பெரிய தாம்பாளத்தைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். மேலிருந்து போட்டால் கை வெந்துவிடும். அணைந்ததா என்று உடனே திறந்து பார்க்கவே கூடாது; காற்றுப் பட்டால் மறுபடி பற்றும். நன்றாக ஆறட்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடாதீர்கள். அன்றிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளம் எப்போதும் அடுப்பருகே இருக்கிறது.

கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்குச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் 101 அல்லது 112.

நம் காரைக்குடி வீடுகள் பலவற்றில் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே தீ என்றால் பின்வாசல்தான் வழி. அதைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பெட்டகத்தில் வைத்தால் எப்படி? எங்கள் சாவி இப்போது கதவோரத்து ஆணியில், குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் தொங்குகிறது.